உத்தரவு கொடுக்காத கிடா

எனக்கு அரசாங்க வேலை கிடைத்தால் ஒரு கிடா வெட்டுவதாக அப்பா முனியப்பனிடம் வேண்டியிருந்தார். வேலை கிடைத்துவிட்டது. கிடாவும் கொட்டகையில் கொழுத்து நின்றது. சிக்கல் ஒன்றே ஒன்றுதான்: நடுவில் நான் கறி சாப்பிடுவதை விட்டுவிட்டேன்.

விட்ட கதையைச் சொன்னால் யாரும் என்னை மகான் என்று நினைக்க மாட்டார்கள். தர்மபுரியில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான்தான். இதை நான் யாரிடமும் மூன்றாவது வாக்கியத்துக்குள் சொல்லிவிடுவேன். இங்கே கொஞ்சம் தாமதமாகிவிட்டது. கடைசி வருஷம் கல்லூரியில் ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். உயிரைக் கொன்று தின்பது சரியா, தவறா என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்குத் ‘தவறு’ அணி வந்தது. நான் கேட்டது ‘சரி’ அணி. அந்தப் பக்கத்தில்தான் எனக்கு அனுபவம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை விடுதியில் கோழிக்குழம்பு ஊற்றும்போது, "அக்கா, அடியில இருந்து ஒரு கரண்டி" என்று கெஞ்சுகிற கூட்டத்தில் முதல் ஆள் நான்.

ஆனால் மேடை ஏறினால் தோற்கக் கூடாது என்பது என் கொள்கை. ஒரு வாரம் தயார் செய்தேன். "ருசி தெரிவது நாக்கில் மூன்று விரல் நீளம் வரைக்கும்தான். அதைத் தாண்டிவிட்டால் ஆட்டுக்கறியும் அவரைக்காயும் ஒன்று. அந்த மூன்று விரல் நீளத்துக்காக ஒரு முழு உடம்பைச் சாய்க்கிறோம்" என்று நான் கையை நீட்டிச் சொன்னபோது முன்வரிசையில் ஒரு பேராசிரியை மூக்கை உறிஞ்சினார். சளியாகவும் இருக்கலாம். நான் அழுகை என்றே எடுத்துக்கொண்டேன். பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. தட்டோடு வரிசையில் நின்றபோது மொத்த விடுதியும் என்னைப் பார்த்தது.

"வாம்மா, மூணு விரல் நீளம்! லெக் பீஸா, நெஞ்சா?" என்றாள் என் அறைத்தோழி.

நான் நேராக நடந்து போய் ரசம் ஊற்றிக்கொண்டேன். அவ்வளவுதான் தொடக்கம். முழுக்க வீம்பு. அடுத்த ஞாயிறும் வீம்பு. அதற்கடுத்த வாரம் ஊருக்கு வரும்போது பென்னாகரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே சந்தைக்குப் போகிற வண்டி ஒன்று நின்றிருந்தது. உள்ளே நெருக்கிக்கொண்டு நின்ற ஆடுகளில் ஒன்று தலையை நீட்டி என் துப்பட்டாவின் முனையை மெல்லத் தொடங்கியது. நான் பிடுங்கவில்லை. அதுவும் அவசரப்படவில்லை. எங்கே போகிறோம் என்று தெரியாத ஒரு வாய், கிடைத்ததை ரசித்து மென்றது. வண்டி கிளம்பியதும் துணி கிழிந்தது. அன்றைக்கு வீட்டில் அம்மா தலைக்கறி வறுத்து வைத்திருந்தாள். எனக்கு இறங்கவில்லை. வீம்பு எந்த இடத்தில் போய் நம்பிக்கை எந்த இடத்தில் வந்தது என்று கேட்டால் பேருந்து நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் எங்கேயோ என்றுதான் சொல்வேன்.

வீட்டில் இதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. "கறி திங்காம ரத்தம் எப்பிடிடீ ஊறும்? நாளைக்குப் புள்ள பெத்துக்க வேணாமா?" என்று அம்மா கேட்டாள். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். அவர் கேட்டது வேறு.

"நாலு எழுத்து படிச்சதும் ஐயரூட்டுப் பொண்ணு ஆயிட்டியா கண்ணு? எங்க சோறு ஒனக்கு நாத்தம் அடிக்குதா?"

அதுதான் எனக்கு வலித்தது. நான் சுத்தம், தீட்டு என்று எதையும் நினைத்து விடவில்லை. கருவாட்டுக் குழம்பு கொதித்தால் இன்றைக்கும் என் கால்கள் தாமாக அடுப்படிக்கு நடக்கும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டை யாராவது முகம் சுளித்துப் பேசினால் நான் சண்டைக்குப் போவேன். போயிருக்கிறேன், என் அலுவலகத்திலேயே. கொல்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தின்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர்களைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

இந்த நிலையில்தான் அந்தக் கிடா.

அது கறுப்பு. நெற்றியில் மட்டும் வெள்ளை, விபூதிப் பட்டை மாதிரி. சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்குப் பேர் வைக்கக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பேர் வைத்தால் பாசம் வந்துவிடும், வெட்டும்போது கை வராது. அதனால் நான் பேர் வைக்கவில்லை. ‘சார்’ என்று கூப்பிட்டேன். அது பேர் இல்லையே, பதவிதானே? தவிர, என் அலுவலகத்தில் எனக்கு மேலே இருப்பவர் பேசுவதற்கு முன் தாடையை இடதும் வலதுமாக அரைப்பார். அச்சு அசல் அதே முகம். காலையில் அலுவலகம் கிளம்பும்போது கொட்டகைக்குப் போய், "வணக்கம் சார், சாப்டீங்களா சார்? இன்னிக்கு ஃபைல் எல்லாம் மென்னு முடிச்சுட்டீங்களா சார்?" என்பேன். சார் அகத்திக்கீரையை அரைத்தபடி என்னை மேலும் கீழும் பார்ப்பார். சம்பளம் கொடுக்காத ஒன்றைத் தவிர, மேலதிகாரிக்கு உண்டான எல்லாக் குணமும் அவரிடம் இருந்தது.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றைக் குறித்தார்கள். ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. கடத்தூரிலிருந்தும் சித்தேரி மலைப்பக்கம் இருந்தும்கூடச் சொந்தக்காரர்கள் வருவதாக இருந்தது. ‘பொண்ணுக்கு வேலை கெடச்சதுக்கு’ என்று சொல்லிச் சொல்லித்தான் அப்பா எல்லோரையும் கூப்பிட்டார். அதாவது, அந்த உயிர் என் பெயரில் போகப் போகிறது. யாரோ வாங்கிய கறியை நான் தின்னாமல் இருப்பது வேறு. என் பெயரைச் சொல்லி, என் எதிரில், நான் தினமும் வணக்கம் சொன்ன ஒருவரை வெட்டுவது வேறு. எப்படியாவது தடுக்க வேண்டும். ஆனால் அப்பா வேண்டிக்கொண்டதை நான் ஒடித்தால் அத்தை சொன்னது உண்மை என்று ஆகிவிடும்.

முந்தைய நாள் மாலை எல்லோரும் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அப்பா, அம்மா, அத்தை, அம்மாவின் தம்பியான என் மாமா. மாமாதான் எல்லா ஏற்பாடும். அவரிடம் ‘சின்ன யானை’ என்கிற குட்டிச் சரக்கு வண்டி ஒன்று இருக்கிறது. அதில் பாத்திரம், விறகு, பந்தல் சாமான் எல்லாம் வந்து இறங்கியிருந்தது. எங்கள் பக்கம் கிடாவை வெட்டுவதற்கு முன் அதனிடம் உத்தரவு கேட்பார்கள். மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரை அதன் தலையிலும் முதுகிலும் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது, கிடாவும் சம்மதித்தது என்று அர்த்தம். சிலுப்பாத கிடாவை வெட்டக் கூடாது. அந்த விதியைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, தண்ணி ஊத்தறது எதுக்குப்பா?"

"உத்தரவு கேக்கத்தான்."

"கேட்டா, மாட்டேன்னு சொல்றதுக்கும் அதுக்கு உரிமை இருக்கணுமில்ல?"

"எந்தக் கெடாவும் இதுவரைக்கும் மாட்டேன்னு சொன்னதில்ல பாப்பா."

"சொல்ல வுட்டீங்களா? லேட்டானா காதுக்குள்ள ஊத்திடறீங்க. காதுல தண்ணி போனா தாசில்தார்கூடத்தான் தலையச் சிலுப்புவாரு. அதுக்காக அவரை வெட்டிடலாமா?"

மாமா வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "வெட்டலாங்க மாமா, எம் பட்டா மாறுதலுக்கு எத்தனை வாட்டி அலையவுட்டாங்க!" என்றார் அப்பாவிடம்.

அப்பா சிரிக்கவில்லை. யோசித்தார். அவர் பெங்களூரில் பல வருஷம் கட்டட வேலை பார்த்தவர், கம்பி கட்டுவார். ஒரு விஷயத்தை ஏற்றுக்கொண்டால் இன்றைக்கும் கன்னடத்தில்தான் முடிப்பார். "செரி. காதுல ஊத்த வேணாம். உச்சிப் பூசைக்குள்ள சிலுப்பினா வெட்டறோம். சிலுப்பலைன்னா வுட்டுடறோம். ஆயித்து" என்றார்.

"என்னடா ஆயித்து?" என்று அத்தை கத்தினார். "அது மாட்டேன்னுட்டா வந்தவங்களுக்கு என்ன போடுவ? இவ மூஞ்சியவா?"

"அக்கா, அது சிலுப்பும்க்கா. ஆட்டுக்குத் தண்ணின்னாலே ஆவாது. நீ வேற."

அப்பாவுக்கு அவ்வளவு நம்பிக்கை. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான். மழைத்துளி ஒன்று விழுந்தாலே சார் கொட்டகைக்குள் ஓடி உடம்பை உதறிவிட்டு எல்லோரையும் திட்டுவார். என் வாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன், வழக்கில் தோற்கப்போகிறேன் என்று தெரிந்தது. ஆனாலும் வாதத்தில் ஜெயித்த சந்தோஷம் எனக்கு எப்போதும் கொஞ்சம் அதிகம்தான்.

காலையில் கோயிலுக்குப் போனோம். பென்னாகரம் போகிற சாலையை ஒட்டி ஒரு புளியமரத்தடி. பெரிய மீசையும் உருட்டு விழியுமாக முனியப்பன் உட்கார்ந்திருப்பார். ஆடி மாதம் என்று சொன்னால் நம்ப முடியாத வெயில். பந்தலுக்குக் கீழே சொந்தக்காரர்கள் நிறைந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் என் கன்னத்தைக் கிள்ளி, "எங்க சாதி சனத்துல மொத ஆபீசரு!" என்றார்கள். நான் இளநிலை உதவியாளர்தான். திருத்தவில்லை. அந்தப்பக்கம் அடுப்பில் தண்ணீர் கொதித்தது. சமையல்காரர் மசாலாவை வதக்கிவிட்டு, கறிக்காகக் காத்து நின்றார்.

சாரை அம்மா கூட்டி வந்தாள். என்ன அழகு! உடம்பு கண்ணாடி மாதிரி மின்னியது. கழுத்தில் அரளி மாலை. "ஆபீசரம்மா கெடான்னா சும்மாவா" என்று யாரோ சொல்ல, அம்மாவின் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

பூசாரி கற்பூரம் காட்டி, செம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்து, "என் அய்யா, உத்தரவு குடுப்பா!" என்று சாரின் முதுகில் ஊற்றினார்.

சார் சும்மா நின்றார்.

இரண்டாவது செம்பு தலையில். சார் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது செம்பில் அவர் கழுத்தை மெல்ல நீட்டிக் கொடுத்தார். ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கீழே நிற்கிற ஆசாமிகளைப் பார்த்திருப்பீர்கள். உலகத்தில் எனக்கு எந்தக் கவலையும் இல்லை என்கிற முகம். அந்த முகம். தண்ணீர் வழிந்து தரைக்குப் போனது. ஒரு முடிகூட அசையவில்லை.

"இன்னொரு செம்பு ஊத்துங்க."

ஊற்றினார்கள். கூட்டம் நெருங்கி வந்தது. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மேளம் அடிக்கச் சொன்னார் ஒருவர். மேளக்காரர் அடித்தார். அந்தத் தோல் எந்த ஆட்டுச் சொந்தக்காரருடையது என்று சாருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். ஒரு பெரியப்பா ஆட்டுக்கு எதிரில் நின்று, எப்படிச் சிலுப்ப வேண்டும் என்று தானே சிலுப்பிக் காட்டினார். அவர் தலையில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து விழுந்ததுதான் மிச்சம். எனக்கு வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு கிளம்பியது. சாமி சன்னிதியில் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன். மாமா என் பக்கம் பார்த்தார். அவரும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், இரண்டு பேரும் புளியமரத்துக்குப் பின்னால் ஓடினோம்.

திரும்பி வந்தபோது பூசாரி சாரின் முதுகைத் தடவி, விரலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, வெளக்கெண்ணெயா?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஆமாங்க சாமி. பொண்ணு பேருல வெட்டற கெடா, சொறியா இருந்தா நாலு பேரு என்ன நெனைப்பாங்க? பளபளன்னு இருக்கட்டும்னு காலையில நல்லாத் தேச்சு வுட்டேன்."

"கொஞ்சமாவா?"

"பாட்டல் பூராவும்."

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "அடி கூறு கெட்டவளே! எண்ணெய் தேச்ச ஒடம்புல தண்ணி எங்கடி ஒட்டும்? அதுக்கு எப்பிடிக் கூசும்?"

"எனக்கு எப்பிடி அண்ணி தெரியும்? கல்யாணத்துக்கு முன்ன எனக்கும் நீங்க இப்பிடித்தான் தேச்சு வுட்டீங்க!"

பந்தலே சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "இது செல்லாது. சீயக்கா போட்டுக் கழுவி, மறுபடி மொதல்ல இருந்து ஊத்துங்க. இல்ல, காதுல ஒரு சொட்டு வுடுங்க. ஒரு நிமிசத்து வேலை" என்றார். மாமா அனிச்சையாகச் செம்பை எடுத்துவிட்டார். உச்சிப் பூசைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பந்தலில் எல்லோருக்கும் பசி. அவர்கள் எல்லோருடைய கண்ணும் சாரின் காதில் இருந்தது.

இதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. மாமாவுக்கும் சாருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"அத்தை, எண்ணெய் இருந்ததால சிலுப்பலை, அதனால செல்லாதுங்கறீங்க. செரி. அப்போ இத்தனை வருசமா தண்ணி கூசினதாலதானே எல்லா ஆடும் சிலுப்பிச்சு? அது மட்டும் எப்பிடிச் செல்லும்? ஆமான்னா சாமி சொன்னது, இல்லைன்னா எண்ணெய் சொன்னதா?"

அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. பட்டிமன்றத்தில் நான் பேசியபோது யாரும் என்மேல் பசியோடு இல்லை.

"பாத்தியாடா?" என்றார் அத்தை அப்பாவிடம். "சபையில உன்னையே கேள்வி கேக்கறா. இதுக்குத்தான் படிக்க வெச்சியா?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சாரை. பிறகு செம்போடு நின்ற மாமாவை. அப்பாவின் முகம் சிவந்திருந்தது. கோபமா, அவமானமா என்று எனக்குப் புரியவில்லை. நான் அழத் தயாராகிவிட்டேன்.

"ஆமாக்கா, இதுக்குத்தான்" என்றார். "இவ பேசி நாம தோக்கணும்னுதானே பெங்களூர்ல கம்பி கட்டினேன்? இப்ப தோத்துட்டேன். நேத்து நானே வாக்குக் குடுத்தேன். டேய் மாப்ள, செம்பைக் கீழ வெய்யி."

பிறகு பூசாரியிடம் போய்க் குரலைத் தாழ்த்தி, "சாமி கோச்சுக்குமா?" என்று கேட்டார். பூசாரி முனியப்பனையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தார். இருவர் முகத்திலும் கோபத்துக்கான அறிகுறி புதிதாக ஒன்றும் இல்லை. "அவருக்கு வேணும்னா அவரே சிலுப்ப வெச்சிருப்பாருங்க. வேணாங்கறாரு. எலுமிச்சம்பழம் வெட்டிடலாம்" என்றார். அவர் கையிலிருந்தது ஒரு முழத்துக்கு மேல் நீளமான அரிவாள். அதை இரண்டு கையாலும் ஓங்கி அந்தப் பழத்தை வெட்டினார். ஒரு பாதி பறந்து போய்ப் பெரியப்பாவின் மடியில் விழுந்தது. அதற்குமேல் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் சாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தேன். என் புதுச் சேலை முழுக்க விளக்கெண்ணெய்.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சமையல்காரர் கரண்டியோடு வந்து, "கறி?" என்று ஒற்றை வார்த்தை கேட்டார். எல்லோரும் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

"பிராய்லர்தான். வேற வழி?" என்று மாமா வண்டிச் சாவியை எடுத்தார். "ஏறுங்க மேடம். ஆட்டை வுட்டது நீங்க. கோழி எத்தனைன்னு நீங்களே வந்து எண்ணிக் குடுங்க."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் வரமாட்டேன் என்று சொன்னால் நான் ஜெயித்தது பாதிதான் ஆகும் என்று பட்டது. ஏறி உட்கார்ந்தேன்.

பென்னாகரம் கடையில் கம்பிக் கூண்டுக்குள் வெள்ளைக் கோழிகள் அடைந்து கிடந்தன. சில நிற்கவே முடியாமல் உட்கார்ந்திருந்தன. மாலை இல்லை, மஞ்சள் தண்ணீர் இல்லை. ஒரு கை உள்ளே போகும், ஒன்றைக் காலைப் பிடித்து வெளியே எடுக்கும். அது இறக்கையை இரண்டு தடவை அடித்துக்கொள்ளும். அவ்வளவுதான். நான் அந்தக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டேன்:

"அண்ணா, இதுங்ககிட்ட உத்தரவு எல்லாம் கேக்க மாட்டீங்களா?"

அவர் என் எண்ணெய்ச் சேலையையும் நெற்றியில் இருந்த குங்குமத்தையும் பார்த்தார். "கேக்காட்டியும் பாருங்க, எப்பவும் தலைய ஆட்டிக்கிட்டேதான் இருக்குதுங்க" என்றார்.

ஆமாம். கூண்டு முழுக்கத் தலைகள் ஆடின. முன்னும் பின்னும், முன்னும் பின்னும். நான் சபையில் நின்று பேசிய அத்தனை பேச்சும் அந்தக் கூண்டுக்கு முன்னால் ஒன்றுக்கும் ஆகவில்லை. ஒரு கிடாவைக் காப்பாற்ற ஒரு கூண்டையே காலி செய்ய வந்திருக்கிறேன். மாமா "இருபது உருப்படி போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமா, இருபது வேணாம். பத்து."

"பத்தா? ஆளுக்கு ஒரு துண்டுகூட வராது கண்ணு. உங்கப்பன் மானம் போயிடும்."

"கொழம்பைத் தண்ணியா வெக்கச் சொல்லுங்க. முட்டை வாங்குவோம். கத்திரிக்கா போடுவோம்."

"பதினஞ்சு."

"பதினொண்ணு."

"உயிருக்கா கண்ணு பேரம் பேசற?"

"வேற எதுக்குப் பேசறது?"

பன்னிரண்டில் நின்றது. எட்டுக் கோழிகள் அன்றைக்குத் தப்பித்தன. மறுநாள் வேறு யாரோ வந்து வாங்கியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த எட்டையும் ஒரு நிமிஷம் நான் பெருமையோடு பார்த்தேன். அவை என்னைப் பார்க்கவில்லை. வண்டியில் திரும்பினோம். மாமா இரண்டு தடவை பார்த்துவிட்டு, "கோழிக்கு என்ன பதில் வெச்சிருக்க?" என்று கேட்டார். இந்தத் தடவை கிண்டல் இல்லை.

"இல்ல மாமா. பதில் இல்ல."

"பரவால்ல வுடு. எனக்கும் இல்ல. ஆனா எனக்குப் பசிக்குது" என்றார். அதற்கும் சிரித்துவிட்டேன். என்னால் ஒரு நாளில் இவ்வளவு நேரம்தான் வருத்தமாக இருக்க முடியும்.

பந்தலில் எங்கள் வண்டியைப் பார்த்ததும் எழுந்த ஆரவாரம் முனியப்பனுக்குக்கூட எழவில்லை. பந்தி போட்டபோது வேலை கிடைத்தவள் என்று என்னை முதல் வரிசையில் உட்காரச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்று வாளியை எடுத்துக்கொண்டு பரிமாறினேன். என் பெயரில் போட்ட சாப்பாடு. என் கையால் போடுவதுதான் முறை. தின்னமாட்டேன், அதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு போகவும் மாட்டேன். அத்தையின் இலைக்கு வந்தபோது தேடிப் பிடித்து ஒரு நல்ல தொடைத் துண்டாக வைத்தேன்.

"எனக்கெல்லாம் போடுவியா?" என்றார்.

"உங்களுக்குத்தான் அத்தை மொத துண்டு."

"நாத்தம் அடிக்கலியா?"

"ரொம்ப வாசனையா இருக்குது அத்தை. அதான் கஷ்டமே."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கத்திரிக்கா போட்டது நல்லாத்தான் இருக்குது" என்றார். அவ்வளவு பெரிய சான்றிதழ் எனக்குப் பல்கலைக்கழகம்கூடக் கொடுக்கவில்லை.

அடுத்தது அப்பா. இலைக்கு மேலே கையை வைத்து மறைத்தார். "எனக்குத் துண்டு வேணாம் பாப்பா. கொழம்பு மட்டும் ஊத்து."

"ஏம்ப்பா?"

"பல்லு வலி."

அப்பாவுக்குப் பல் வலி வந்து நான் கேட்டதே இல்லை. கரும்பைத் தோலோடு கடிக்கிறவர். அவர் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காகத்தான் என்று புரிந்தது. குழம்பை ஊற்றிவிட்டு வேகமாக அடுத்த இலைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என் அப்பா, என் அப்பா என்று மனசுக்குள் ஒரே கொண்டாட்டம். உலகத்தில் இப்படி ஓர் அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று மேடை போட்டுப் பேசலாம் போல இருந்தது.

பந்தி முடிந்து சாருக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். புளியமரத்துக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். அங்கே சார் மட்டும் இல்லை. அப்பாவும் இருந்தார். வலது கையில் ஒரு கோழிக்கால், பாதி முடிந்திருந்தது. சார் அவருக்கு எதிரில் உட்கார்ந்து தாடையை அரைத்தபடி, மேலதிகாரி மாதிரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. வாய் நிறைய இருந்தது. மென்று விழுங்கி, உதட்டைத் துண்டால் துடைத்தார்.

"பல்லு சரியாப் போச்சு பாப்பா" என்றார்.

நான் தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்து சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். கோழிக்காலை மறைக்க இடம் தேடி, கிடைக்காமல், கடைசியில் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"கெடாவ உனக்காக வுட்டேன்ல?" என்றார். "கோழி எனக்கு. இதுலயும் பேசி ஜெயிச்சுடாத."

"இன்னிக்கு இல்லப்பா" என்றேன். "நீ சாப்பிடு."